வேரில் ஒரு சொட்டு

கவ்வாத்து வெட்ட முன்னால்
வேரைப் பார்க்க வேண்டும்.
பென்சில் தடிப்பில் ஒன்றை அறுத்து
வெட்டு முகத்தில் ஒரு சொட்டு அயடீன் விடுவார் சின்னத்துரை.
கறுத்தால் மாச்சத்து இருக்கிறது, வெட்டலாம்.
மஞ்சளாகவே கிடந்தால்
செடியிடம் மிச்சம் ஒன்றுமில்லை,
கத்தி பட்டால் திரும்பத் துளிர்க்காது.

ஏழாம் நம்பர் மலையில் அன்று
ஐந்து வேர் அறுத்தோம்.
ஐந்தும் மஞ்சள்.
"இதுக்கு ரெண்டு மாசம் ஓய்வு" என்று
எழுதிக்கொண்டு போனார்.

கத்தியைத் துடைத்தபடி ஆரோக்கியம் சொன்னான்:
"குடுத்து வச்ச செடிடா."

அவன் கால்விரலில் ஒரு புண்.
அட்டை கடித்தது, தைப்பூசத்துக்கு முன்னால்.
சித்திரைத் தேரும் போய் முடிந்துவிட்டது,
புண் போகவில்லை.
சொப்பின் பையைச் சுற்றிக்கொண்டு மலை ஏறுவான்.
"ஆரோக்கியம்னு பேர வச்சிக்கிட்டு
ஆஸ்பத்திரிக்கு எந்த மூஞ்சியோட போறது?"
அது அவனுடைய பழைய பகிடி.

பகிடிக்கு அடியில் இருந்தது வேறு பேர்.
தோட்டத்தில் ஒருநாள் சம்பளத்துக்குத்தான் பேர் என்று பெயர்.
கிளினிக் போனால் அன்றைக்குப் பேர் இல்லை.
ஆகவே தலைவலிக்குப் பனடோல்,
மற்ற எல்லாவற்றுக்கும் கால் போத்தல்.

இரவு தூக்கம் வரவில்லை எனக்கு.
செடிக்கு ஓய்வு எழுத ஒருவர் இருக்கிறார்.
எங்களுக்கு எழுத ஆளில்லை,
நாங்களாவது எழுதிக்கொண்டோமா?
விடிய முன்னால் போய் அவன் காம்பராக் கதவைத் தட்டினேன்.
"வாடா. துணைக்கு நான் வாறேன்."

நோர்வூட் தாண்டி டிக்கோயா வரும்வரை
இரண்டு பேரும் ஜன்னலைத்தான் பார்த்தோம்.

கிளினிக் வாங்கு முழுக்கப் பெண்கள்.
கொப்பியைப் பொலித்தீனில் சுற்றி
நெஞ்சோடு வைத்திருந்தார்கள்.
எங்கள் லயத்து சிரோன்மணி அக்காவும் இருந்தாள்.
"என்னா, ரெண்டு பேரும் யாரப் பாக்க வந்தீங்க?"
"சும்மா" என்றோம்,
இருவரும் ஒரே நேரத்தில்.

புண்ணைப் பார்த்து டாக்டர் ஏசினார்.
சீனி இருநூற்றி எண்பது.
இன்னும் ஒரு மாதம் விட்டிருந்தால் விரல் போயிருக்கும் என்றார்,
ஆரோக்கியம் விரலைக் குனிந்து பார்த்தான்,
அது யாரோ ஒருவருடைய விரல் மாதிரி.

பிறகு அந்த மிஸ்ஸி என் பக்கம் திரும்பி,
"மல்லி, நீங்களும் கைய நீட்டுங்க,
சும்மாதானே நிக்கிறீங்க."

பட்டை இறுகியது, தளர்ந்தது.
மறுபடி இறுக்கினாள்.
அந்த இரண்டாவது தடவைதான் பயமாக இருந்தது.

நூற்று எண்பதுக்கு நூற்றிப் பத்து.

துணைக்குப் போனவன் நான்.
தலை சுற்றியதில்லை, மூச்சு முட்டியதில்லை,
இருபத்தாறு வருஷம் கவ்வாத்துக் கத்தி பிடித்த கை.
மேலே பச்சையாய்த்தான் இருந்தேன்.

வீட்டில் "வாயு" என்று சொன்னேன்.
மாத்திரையைச் சட்டைப் பையில் ஒளித்தேன்.
நாலாம் நாள்
துவைத்த சட்டையிலிருந்து கரைந்த வெள்ளையை எடுத்துக்
கையில் வைத்துக்கொண்டு
என் மனைவி ஒன்றும் கேட்கவில்லை.
பீலிக்கரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

திங்கட்கிழமை பெரட்டுக் களத்தில்
பேர் கூப்பிட்டு முடிந்ததும் சத்தமாகச் சொன்னேன்.
"எனக்குப் பிரஷர். இவனுக்குச் சீனி.
மருந்து குடிக்கிறோம்."
ஒருவன் சிரித்தான்.
"வயசாச்சு மாமா" என்றான் இன்னொருவன்.
குரல் நடுங்கியதை
குளிர் என்று நினைத்திருப்பார்கள்.

மத்தியானம், தேத்தண்ணி நேரம்,
வேலையைத் தவிர வேறொன்றும் பேசாத
கங்காணி ஜெகதீசன்
பீடி பற்றவைக்கிற சாக்கில் பக்கத்தில் வந்தார்.
குச்சி இரண்டு அணைந்தது.
நெருப்புப் பெட்டியைப் பார்த்துக்கொண்டே கேட்டார்:
"அந்த பஸ் எத்தன மணிக்கு?"